மாஸ்டர் சார்ட்டிலிருந்து ஆய்விதழுக்கு

1986 பிப்ரவரியில் ஓர் இரவு, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, கணவரோடு காட்பாடிக்கு ரயில் ஏறினார். கையில் ஓர் ஐஸ் பெட்டி. சென்னையில் பாலியல் தொழில் செய்யும் பெண்களை மூன்று மாதம் தேடித் தேடிப் போய் எடுத்த ரத்தத்தின் சீரம் அதற்குள் இருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். அதுவரை அவற்றை வைக்க வேறு வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது.

இந்தத் தலைப்பை மாணவிக்குக் கொடுத்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்துகொண்ட பிறகு, அன்றைய தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். 1987 மார்ச்சில் நிர்மலா தீசிஸைச் சமர்ப்பித்தார். அந்த ஆண்டே முடிவுகள் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் சில பக்கங்களில் கட்டுரையாக வந்தன. நாட்டையே உலுக்கிய ஒரு கண்டுபிடிப்பு, எம்.டி. தேர்வுக்கான ஒரு தீசிஸாகத் தொடங்கி, இந்திய இதழ் ஒன்றில் ஏறியது. இந்தப் பாதை ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அரிது என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. சமீரன் நுண்டியும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஒரு கணக்கு மருத்துவக் கல்வி வட்டாரத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் 579 இந்திய மருத்துவ நிறுவனங்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டன என்று எண்ணிப் பார்த்தார்கள். 332 நிறுவனங்களின் கணக்கு பூஜ்யம். பத்தாண்டில் ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. நாட்டின் மொத்தக் கட்டுரைகளில் நாற்பது சதவீதம் அந்த 25 இடங்களிலிருந்தே வந்திருந்தது. பூஜ்யம் வாங்கிய கல்லூரிகளில் நோயாளிகள் இல்லையா? ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் இடங்கள் அவை. மேற்படிப்பு நடத்தும் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் தீசிஸ்கள் பைண்ட் செய்யப்பட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டு, நூலக அலமாரிக்குப் போகின்றன. கடைசி இணைப்பாக ‘மாஸ்டர் சார்ட்’ என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கும்: ஒவ்வொரு நோயாளியும் ஒரு வரிசை, வயது, பால், ரத்த அழுத்தம், சர்க்கரை, முடிவு. நாட்டின் நோய்ச்சுமையின் கதையில் பாதி அந்த மடித்த தாள்களுக்குள்தான் கிடக்கிறது.

விதிகளும் உதவவில்லை. மேற்படிப்பு மாணவர் தேர்வெழுத ஓர் ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் காலத்தில் ஒரு விதி இருந்தது. அது வெளியாகியிருக்கலாம், ஏற்கப்பட்டிருக்கலாம், அல்லது வெளியீட்டுக்கு ‘அனுப்பப்பட்டிருந்தால்’ போதும். மூன்றாவது வாய்ப்பைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இதழுக்கு ஒரு மின்னஞ்சல், வந்து சேர்ந்தது என்று தானாக வரும் பதில், அதன் அச்சுப்படி ஒன்று, விதி நிறைவேறிவிட்டது.

உண்மையில் அனுப்ப இடமில்லாமல் இல்லை. வட்டார ஆய்விதழ்கள் என்று ஒரு பெரிய குடும்பமே இருப்பது பலருக்குத் தெரியாது. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் ‘சிலோன் மெடிக்கல் ஜர்னல்’ 1887-இல் தொடங்கியது. நாட்டின் பெயர் மாறியும் இதழின் பெயர் மாறவில்லை. ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ 1913-இல் பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் வட்டார அலுவலகங்கள் வழியாகவே இதழ் நடத்துகிறது: கெய்ரோவிலிருந்து கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதிக்கான இதழ் 1995 முதல், மணிலாவிலிருந்து மேற்குப் பசிபிக் இதழ் 2010 முதல், டெல்லியிலிருந்து தென்கிழக்கு ஆசிய இதழ் 2012 முதல். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையும் அண்மை ஆண்டுகளில் தனக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியிருக்கிறது.

இவை லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ போன்ற பெரிய மருத்துவ இதழுக்கு அனுப்பி நிராகரிக்கப்பட்ட பின் போய்ச் சேரும் இடங்கள் என்ற எண்ணம் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதில் பாதி உண்மை, பாதி கண்மூடித்தனம். கிராம சுகாதாரச் செவிலியர் யார், துணை சுகாதார நிலையத்தில் என்ன இருக்கும் என்ன இருக்காது, ரேஷன் அரிசியையும் கடை அரிசியையும் ஒரு குடும்பம் எப்படிக் கலந்து சாப்பிடும் என்பதையெல்லாம் லண்டன் ஆசிரியருக்கு ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டும். வட்டார இதழின் ஆசிரியருக்கு அது தெரிந்த விஷயம். அவர் கேட்கும் கேள்வி வேறு: சேலத்தில் பார்த்தது சரி, அது தர்மபுரிக்கும் பொருந்துமா? லண்டன் ஆசிரியருக்கு விளக்கம் எழுதினால் போதும். வட்டார ஆசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆய்வே ஒழுங்காக நடந்திருக்க வேண்டும்.

பெரிய பெயர் இல்லாத இதழில் வந்ததால் எதுவும் கெட்டுவிடாது என்பதற்கு மருத்துவர் திலீப் மகலனோபிஸ் ஒரு சாட்சி. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார் அவர். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அந்தக் கட்டுரை 1973-இல் ‘ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னல்’ என்ற, ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில் வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று லான்செட் தலையங்கம் எழுத 1978 ஆனது.

அதே 1978-இல் கொல்கத்தாவில் இன்னொரு கதை. அக்டோபர் 3-ஆம் தேதி, மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் குழுவின் முயற்சியில் சோதனைக்குழாய் குழந்தை ஒன்று பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. அவமானமும் இடமாற்றமும் சேர்ந்து நெருக்க, 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விட்டுச்சென்ற தாள்களைப் படித்துப் பார்த்தவர் டி.சி. ஆனந்தகுமார். 1986-இல் பிறந்த குழந்தையின் வழியாக இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தைக்குக் காரணம் என்ற பெருமை இந்திரா ஹிந்துஜாவோடு அவருக்குத்தான் இருந்தது. அந்தப் பெருமை தனக்குரியதல்ல என்று 1997-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் அவரே எழுதினார். முகோபாத்யாயிடமிருந்து அச்சில் எஞ்சியிருந்தவற்றில் ஒன்று, கருவை உறையவைத்துப் பாதுகாப்பது பற்றிய ஒரு சிறு கட்டுரை. அது வந்த இதழ் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ்’, குளிர்நிலைத் தொழில்நுட்ப இதழ். மகப்பேறு மருத்துவர் யாரும் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தேதி போட்டு அச்சாகியிருந்தது.

சரி, கட்டுரை ஏன் நிராகரிக்கப்படுகிறது? எந்தத் துறையில் கேட்டாலும் முதலில் வரும் பதில் இங்கிலீஷ். இது சௌகரியமான பதில். மொழியைத் திருத்திவிடலாம், திருத்துவதற்கென்றே ஆட்களும் இன்று மென்பொருளும் இருக்கின்றன. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே நடந்துவிட்ட பிழையை யாராலும் திருத்த முடியாது. பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் உயிரை விடுகின்றன.

மாதிரி அளவையே எடுத்துக்கொள்ளலாம். சமூக மருத்துவத் துறை மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘ஃபோர் பி கியூ பை எல் ஸ்கொயர்’ என்று சூத்திரம் வரும். ஒரு வட்டாரத்தில் 20 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கும் என்று பழைய ஆய்வு சொல்கிறது. பி என்பது 20, கியூ என்பது 80. எல் என்பது எவ்வளவு பிசகைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. 5 சதவீதப் புள்ளி வரை பிசகலாம் என்றால் நாலு தடவை 20 தடவை 80, அதை 25-ஆல் வகுத்தால் 256 பேர். பிசகு 20-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 புள்ளிதான் இருக்கலாம் என்றால் 1,600 பேர். 10 புள்ளி பிசகினாலும் பரவாயில்லை என்றால் 64 பேர் போதும். சூத்திரம் ஒன்று, விடை மூன்று. ஆறு மாதத்தில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த எண் வருகிற மாதிரி எல்-ஐப் பின்னாலிருந்து பொருத்துவது நாடறிந்த ரகசியம். கட்டுரையைப் படித்து இதழுக்குக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர்களும் ஒரு காலத்தில் மாணவர்களாக இருந்தவர்கள்தான். 20 சதவீதத்தைத் தேடப் போன ஆய்வில் 10 புள்ளி பிசகு என்று பார்த்தவுடன், உண்மை பத்தாகவும் இருக்கலாம் முப்பதாகவும் இருக்கலாம் என்றால் இந்த ஆய்வு எதற்கு என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குக் கட்டுரை எழுதும் நாளில் பதில் கிடையாது.

எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் இப்படித்தான். ஆய்வு முடிந்த பிறகு பின்தேதியிட்டு அதை வாங்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது. சட்டம் தெரிந்தவர், சமூகவியலாளர், மருத்துவத்துக்கு வெளியே உள்ள சாதாரண ஆள் ஒருவர் எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சாதாரண ஆள்தான் பல நேரம் உருப்படியான கேள்வியைக் கேட்பவர்: படிவத்தில் எழுதியிருக்கும் தமிழ் எனக்கே புரியவில்லையே, நோயாளிக்கு எப்படிப் புரியும்? ‘யாதொரு நிர்ப்பந்தமுமின்றி எனது பூரண சம்மதத்தின் பேரில்’ என்று தொடங்கும் சம்மதப் படிவங்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பிறந்தவை போலவே இருக்கும்.

இந்த இடத்தில் 1986-ஐத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. எதற்காக ரத்தம் எடுக்கிறார் என்பதை நிர்மலா அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. அவர்கள் வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். இதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கையுறைகூட இல்லாத காலம். அந்த ஆய்வுத் திட்டம் இன்றைய எதிக்ஸ் கமிட்டிக்குப் போனால் முதல் அமர்விலேயே திரும்பியிருக்கும். நாட்டுக்கு அது செய்த நன்மை இதனால் குறையவில்லை. அந்தப் பெண்களுக்குத் தரப்படாமல் போன விளக்கமும் இதனால் இல்லையென்று ஆகிவிடாது.

மருந்தையோ சிகிச்சையையோ ஒப்பிடும் ஆய்வு என்றால் பதிவும் வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2005 முதல், பதிவு செய்யாத சோதனையைப் பிரசுரிப்பதில்லை என்று முடிவெடுத்தது. இந்தியாவின் பதிவகமான சி.டி.ஆர்.ஐ. 2007 ஜூலையில் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பு வந்தால்தான் பதிவு. அதற்குப் பிறகும், ஆய்வை முடித்து, புள்ளிவிவரம் போட்டு, கட்டுரை எழுதி, அனுப்பும் நாளில் ‘பதிவு எண்’ என்ற கட்டத்தைப் பார்த்து உறைந்துபோன மேற்படிப்பு மாணவர்கள் உண்டு. இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

இதையெல்லாம் தாண்டியவர்களுக்கு எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் தீசிஸ் எழுதிய கைக்குக் கட்டுரை எழுத வராது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தீசிஸ் என்பது தேர்வாளருக்கு ‘நான் படித்திருக்கிறேன்’ என்று காட்டுவது. ஹிப்போகிரட்டீஸில் தொடங்கி நாற்பது பக்கத்துக்கு முன்னோர் ஆய்வு வரும். பல இதழ்களில் கட்டுரைக்குக் கிடைப்பது மொத்தமே 2,500 அல்லது 3,000 சொற்கள். வாசகர் நோயின் வரலாற்றைக் கேட்கவில்லை. என்ன கேட்டீர்கள், எப்படித் தேடினீர்கள், என்ன கிடைத்தது, அதனால் என்ன என்ற நான்கு கேள்விகளோடு வருகிறார். முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்ற நான்கு அறைகள் அவற்றுக்காகக் கட்டப்பட்டவைதான். மருத்துவ இதழ்களில் இந்த அமைப்பு 1940களில் எட்டிப்பார்த்து, 1980களுக்குள் ஒரே வடிவமாக நிலைத்தது.

அனுபவசாலிகள் முறைப் பகுதியிலிருந்து எழுதத் தொடங்குவார்கள். அதில் கற்பனைக்கு இடமில்லை, செய்ததைச் சொன்னால் போதும். ஆனால் அங்கேதான் ஒளிக்கிறார்கள். ‘ராண்டமாகத் தேர்வு செய்யப்பட்டனர்’ என்று ஒரு வரி இருக்கும். உண்மையில் செவ்வாயும் வெள்ளியும் ஓ.பி.க்கு வந்தவர்களில், கேள்வித்தாளுக்குப் பதில் சொல்லப் பொறுமை இருந்தவர்கள் சேர்க்கப்பட்டிருப்பார்கள். அதை அப்படியே எழுதினால் கட்டுரை கீழே இறங்கிவிடாது. ‘வசதிக்கேற்பச் சேர்க்கப்பட்ட நோயாளிகள்’ என்று நேர்மையாக எழுதி, அதன் குறையை விவாதப் பகுதியில் ஒத்துக்கொண்டால் மதிப்பாய்வாளர் தலையாட்டுவார். ராண்டம் என்று எழுதினால் எப்படி என்று கேட்பார். குலுக்கல் சீட்டா, கணினி எண்ணா, யார் எடுத்தார்? நோக்கீட்டு ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப் என்ற 22 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் 2007 முதல் இருக்கிறது. கட்டுரையோடு அதை நிரப்பி அனுப்பச் சொல்லும் இதழ்கள் இன்று ஏராளம். எழுதி முடித்தபின் அதை நிரப்புகிறவர்களைவிட, ஆய்வு தொடங்கும்போதே சுவரில் ஒட்டிவைக்கிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

முடிவுப் பகுதியில் அட்டவணைகளே காட்டிக்கொடுத்துவிடும். புள்ளியியல் மென்பொருள் திரையில் பி மதிப்பு என்ற நிகழ்தகவு 0.000 என்று வரும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள். நிகழ்தகவு சுத்தப் பூஜ்யமாக இருக்க முடியாது. திரையில் மூன்று தசமத்துக்கு மேல் இடமில்லாததால் அப்படித் தெரிகிறது, 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும். பதினெட்டுப் பேரில் பன்னிரண்டு பேருக்குக் குணமானது என்பதை 66.67 சதவீதம் என்று எழுதுவது இன்னொன்று. பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு சதவீதத்தில் இரண்டு தசமப் புள்ளி எதற்கு? அட்டவணை ஒன்றில் 256 பேர், அட்டவணை மூன்றில் 251 பேர், அந்த ஐந்து பேர் எங்கே போனார்கள் என்பதற்கு ஒரு வரியும் இருக்காது. இதழாசிரியர்கள் முதலில் கூட்டிப் பார்ப்பது இந்த எண்களைத்தான். மொழி தடுக்கினால் பொறுத்துக்கொள்வார்கள். கூட்டல் இடித்தால் மாஸ்டர் சார்ட்டையே சந்தேகிப்பார்கள்.

விவாதப் பகுதியில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. ‘எங்கள் முடிவு இன்னார் ஆய்வோடு ஒத்துப்போகிறது, இன்னார் ஆய்வோடு முரண்படுகிறது’ என்று பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்துவார்கள். ஏன் ஒத்துப்போகிறது, ஏன் முரண்படுகிறது என்பதில்தான் ஆய்வாளரின் மூளை தெரியும். அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருக்காது.

அடுத்து, துறைக்குள் யாரும் சத்தமாகப் பேசாத விஷயம்: பெயர் வரிசை. வான்கூவர் நகரில் 1978-இல் சில இதழாசிரியர்கள் கூடி, மேற்கோள்களை எப்படி எழுதுவது என்பதில் தொடங்கிப் பொது விதிகளை வகுத்தார்கள். அந்தக் குழு பின்னர் வளர்ந்து, யாரைக் கட்டுரையாசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கும் இலக்கணம் எழுதியது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைச் சேகரித்து அலசியதிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதியதிலோ முக்கியமாகத் திருத்தியதிலோ பங்கு வேண்டும். கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். நான்காவதை 2013-இல்தான் சேர்த்தார்கள். இந்த இலக்கணத்தின்படி, துறைத்தலைவர் என்பதற்காக எச்.ஓ.டி. பெயர் வரக்கூடாது. நடைமுறையில் வராமல் இருக்குமா? பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவை. முதல் அல்லது இரண்டாவது பெயராக இருந்தால்தான் கணக்கு என்று 2015-இல் மருத்துவ கவுன்சில் சொன்னபோது, இரண்டாவது இடத்துக்கு இருந்த போட்டி மறுநாளே இரட்டிப்பானது. இன்னொரு பக்கம், 256 வீட்டுக் கதவைத் தட்டிய களப்பணியாளர் பெயர் நன்றியுரையில்கூட வராமல் போகிறது. ஆய்வு தொடங்கும் அன்றே ஒரு தாளில் யார் யார், எந்த வரிசை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது சில துறைகளில் வழக்கம். அங்கெல்லாம் சண்டை குறைவு.

பதவி உயர்வுக்கான இந்தக் கட்டுரைப் பசியை மோப்பம் பிடித்து வந்தவைதான் போலி இதழ்கள். மின்னஞ்சல் பெட்டியில் ‘மதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம்’ என்று, பல் மருத்துவருக்குக் கடல்சார் பொறியியல் இதழிலிருந்து கடிதம் வரும். ஒரு வாரத்தில் மதிப்பாய்வு, பத்து நாளில் பிரசுரம், பணம் மட்டும் உடனே. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி 2019-இல் நெவாடா நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய இதழ்களில் வந்த 1,907 மருத்துவக் கட்டுரைகளை ஒரு கனடியக் குழு அலசி 2017-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது: தொடர்பு ஆசிரியர்களில் 27 சதவீதம் பேர் இந்தியர்கள். ஏழை நாட்டு ஏமாளிகள் மட்டும்தான் விழுகிறார்கள் என்றில்லை. பாதிக்கு மேற்பட்டவை வசதியான நாடுகளிலிருந்து வந்தவை. ஆனாலும் முதலிடம் நமக்குத்தான்.

இதழ் உண்மையானதா என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஆசிரியர் குழுவில் இருப்பவர் ஒருவரை அழைத்து, நீங்கள் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். பழைய இதழ்களை எடுத்து நாலு கட்டுரை படிக்கலாம். எந்தத் தரவுத்தளத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று இதழ் சொல்வதை நம்பாமல், அந்தத் தரவுத்தளத்திலேயே போய்த் தேடலாம். அரசுப் பட்டியலை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு பாடம் அண்மையில் கிடைத்தது: 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கேர் பட்டியலை 2025-இல் அதுவே கைவிட்டுவிட்டது. பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது; கேட்காததாலேயே நல்லதாகிவிடவும் செய்யாது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வட்டார இதழ்களைப் போல எழுதுபவரிடமும் வாங்காமல் படிப்பவரிடமும் வாங்காமல் நடப்பவை இருக்கும்போது, மாவட்ட மருத்துவமனை டாக்டர் ஒருவர் மாதச் சம்பளத்தைப் பிரசுரக் கட்டணமாகக் கட்டுவதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம்.

அனுப்பும் நாள் ஒரு தனி நாடகம். கட்டுரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பெயர்களும் கல்லூரியும் உள்ள முகப்புப் பக்கம் தனிக் கோப்பு, பெயரே இல்லாத கட்டுரை தனிக் கோப்பு. மதிப்பாய்வாளருக்கு யார் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முறைப் பகுதியில் ‘எங்கள் கல்லூரி மருத்துவமனையில்’ என்பதை மாற்றிவிட்டு, எதிக்ஸ் அனுமதி எண்ணில் கல்லூரிப் பெயரின் சுருக்கத்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் வேடிக்கை. பிறகு ஆசிரியருக்கு ஒரு கடிதம். ‘இத்துடன் இணைத்துள்ளேன், தயவுகூர்ந்து பிரசுரிக்கவும்’ என்று விடுப்பு விண்ணப்பம் மாதிரி எழுதப்படும் இந்தக் கடிதத்தில்தான், இந்த இதழின் வாசகருக்கு இந்தக் கட்டுரை ஏன் வேண்டும் என்று மூன்று வரியில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பவில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். அது வெறும் சடங்கு இல்லை. மாட்டியவர்களின் கட்டுரை இரண்டு இடத்திலும் போனது உண்டு.

பிறகு காத்திருப்பு. இரண்டு மூன்று நாளில் பதில் வந்தால் பெரும்பாலும் கெட்ட செய்திதான்: மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் ஆசிரியர் மேசையிலேயே நிராகரித்திருப்பார். மாதக்கணக்கில் ஆனால், கட்டுரை யாரோ ஒரு பேராசிரியரின் மின்னஞ்சலில் படிக்கப்படாமல் கிடக்கிறது என்று பொருள். அவருக்கு இதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டு வேலை முடித்து இரவில் உட்கார்ந்து படிப்பவர்கள் இவர்கள். பதில் வரும்போது இருபது கேள்வி இருக்கும். முதல் தடவை வாங்குபவர் நொறுங்கிப்போவார். ரிவிஷன் என்று வந்ததே பாதி வெற்றி என்பது கைடுக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியையும் நகலெடுத்து, கீழே பதில் எழுதி, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினோம் என்று குறித்து அனுப்ப வேண்டும். மதிப்பாய்வாளர் தவறாகச் சொல்லியிருந்தால் மறுக்கலாம், காரணத்தோடு. இந்தக் கட்டத்தில் கோபித்துக்கொண்டு கட்டுரையை மூடி வைத்தவர்களின் எண்ணிக்கையை யாரும் கணக்கெடுத்ததில்லை. அந்த நேரத்தில் மாணவர் படிப்பு முடித்து வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். கல்லூரி மின்னஞ்சல் முகவரியும் காலாவதியாகியிருக்கும்.

வெளிவந்த கட்டுரையை யார் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வட்டார இதழ்கள் பெருமையாக ஒரு பதில் வைத்திருக்கின்றன: களத்தில் இருப்பவர்கள். கெய்ரோ இதழ் அரபு, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் கட்டுரைகளை ஏற்கிறது; எந்த மொழியில் வந்தாலும் சுருக்கம் மூன்று மொழியிலும் அச்சாகும். லத்தீன் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஸ்பானிஷிலும் போர்த்துக்கீசியத்திலும் வருகிறது. தமிழுக்கும் இது புதிதல்ல: இலங்கையின் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, கலைச்சொல் ஆக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். அந்தத் தமிழில் இன்று, தமிழர் உடலை ஆராய்ந்த ஒரு கட்டுரைக்கு 250 சொல்லில் சுருக்கம் கேட்கும் மருத்துவ ஆய்விதழ் எது என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. கட்டுரையில் வரும் செவிலியர், ஆய்வு நடந்த ஊரின் ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் படிக்கக்கூடிய அந்த அரைப் பக்கத்துக்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

தமிழில் கட்டாயம் எழுதப்படுபவை இரண்டே இரண்டுதான்: நோயாளிக்கான தகவல் தாளும் சம்மதப் படிவமும். ஆங்கிலத்தில் எழுதி, தமிழுக்குப் பெயர்த்து, பொருள் பிசகவில்லை என்று காட்ட அதை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, மூன்று வடிவங்களையும் எதிக்ஸ் கமிட்டியிடம் கொடுக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் ஆய்வின் முடிவுகள் மருத்துவ இதழில் வெளியிடப்படலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு யாராவது அதை வாசித்துக் காட்டுகிறார்கள். அவர் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைக்கிறார்; பக்கத்தில் நிற்கும் சாட்சி கையெழுத்துப் போடுகிறார்.